இன்ஃபிக்ஸ்: இடைநிலை வேண்டாம், ஊடொட்டு என்போம்

> முன்னொட்டு, பின்னொட்டு போல இன்ஃபிக்ஸுக்கு நம் இலக்கணத்தின் ‘இடைநிலை’ போதாதா?

ஐயா, வேருக்கு நடுவே புகும் ஒட்டான இன்ஃபிக்ஸுக்கு (infix) அது போதாது என்பதே என் கருத்து. பொன்டோக் மொழியைப் பார்த்தால் காரணம் விளங்கும். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், கொர்டில்லெரா மலைகளுக்கு உள்ளே, சிக்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வழங்கும் ஆஸ்திரோனேசிய மொழி அது. 1909இலேயே அதற்கு விரிவான இலக்கணம் சிகாகோவில் அச்சாகிவிட்டது. அம்மொழியின் இன்ஃபிக்ஸை விளக்க நம்மிடம் இன்னும் பொருத்தமான ஒரு சொல் நிலைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அம்மொழியில் ‘கிலாட்’ என்றால் சிவப்பு, ‘குமிலாட்’ என்றால் சிவத்தல். ‘ஃபிகாஸ்’ வலிமை உடையது, ‘ஃபுமிகாஸ்’ வலிமை அடைதல். ‘ஃபுசுல்’ பகைவன், ‘ஃபுமுசுல்’ பகைவனாதல்.

கிலாட்டை நம் முறைப்படி பிரியுங்கள்: க் + இலாட். ‘உம்’ என்னும் ஒட்டு வந்ததும் க் + உம் + இலாட். ககர மெய் தன் இகரத்தை விட்டுவிட்டு ஒட்டின் உகரத்தோடு சேர்கிறது. அந்த இகரம் ஒட்டின் மகரத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. வேரின் முதல் உயிர்மெய்யே பிளந்துபோகிறது!

நம் இடைநிலை ஒருபோதும் இப்படிச் செய்வதில்லை. ‘செய்கிறான்’ என்பதில் பகுதி முழுதாக முடிந்த பிறகுதான் ‘கிறு’ வருகிறது. அதாவது பகுதியை வைத்துப் பார்த்தால் அது பின்னொட்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவர்கள் ‘கிறு’வும் ‘உம்’மும் ஒரே வேலை செய்வதாகவே படிப்பார்கள்.

‘இடைச்செருகல்’ சரிவராது. பழைய நூல்களில் பின்னாளில் யாரோ நுழைத்த பாடல்களைத்தான் அது நினைவூட்டும். ‘உள்ளொட்டு’ நல்ல சொல், ஆனால் ‘கிறு’வும் சொல்லுக்கு உள்ளேதானே இருக்கிறது?

ஆகவே ‘ஊடொட்டு’. ஊடுருவல், ஊடுபயிர் என்று எல்லாரும் அறிந்த ‘ஊடு’தான், ஒன்றைப் பிளந்து நடுவே புகுவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது.

ஒரு தடை எழலாம். வேர் உயிரில் தொடங்கினால் ‘உம்’ முன்னால் வந்து நின்றுவிடும். வருதலைக் குறிக்கும் ‘உமலி’ அப்படிப்பட்டது. அங்கே முன்னொட்டு என்பதா? வேண்டாம் என்பேன். முதல் உயிருக்கு முன் நிற்பதே ‘உம்’மின் விதி, அங்கே பிளக்க மெய் இல்லை, அவ்வளவுதான்.

விக்சனரி இணைய அகராதிக்கு என் வரைவு: “ஊடொட்டு: வேரைப் பிளந்து அதனுள் நுழையும் ஒட்டு.” ‘உமலி’ வகையைக் குறிப்பாகச் சேர்க்கலாம். கம்போடியாவின் கெமெர் மொழியிலும் ஊடொட்டுகள் உண்டு. அதை அறிந்தவர்கள் இந்த வரையறை அங்கும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.