உங்கள் ஊருக்கு வந்த புயலுக்கு என்ன பெயர்?

பண்ருட்டிக்காரன்:
2011 டிசம்பர் 29 ராத்திரி. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடக்கும் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஒரே போடாகப் போட்டார்: "தானே பம்பாய் பக்கத்துல இருக்கற ஊருடா. அங்கேருந்து இங்க எப்படி வரும்?" சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

விடியும் நேரத்தில் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. காற்று அடங்கியதும் கொல்லைக்குப் போனால், தாத்தா நட்ட பலாமரம் வேரோடு படுத்துக் கிடந்தது. வேரில் ஒட்டியிருந்த செம்மண் உதிரக்கூட இல்லை. முந்திரித் தோப்பு மொத்தமும் சீப்பால் வாரிவிட்ட தலை மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. பொங்கலை அரிக்கேன் விளக்கில் கொண்டாடினோம்.

இந்தக் கடல் பக்கத்து நாடுகள் புயலுக்கென்று முன்கூட்டியே பெயர்கள் கொடுத்து வைக்கும், அதில் தானே என்பது மியான்மர் கொடுத்த பெயர் என்று எனக்கே இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். அப்பா இன்னும் நம்பவில்லை. சரி, உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள்.

வேதாரண்யம் பக்கம்:
எங்களுக்குக் கஜா, 2018 நவம்பர் 16. இலங்கை கொடுத்த பெயர். கஜம் என்றால் யானை என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முந்தின நாள் டீக்கடையில் "யானை வருது, கரும்பு வாங்கி வைங்க" என்று ஒரே கிண்டல். யாருக்குமே பயம் இல்லை, அதுதான் இப்போது நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

நள்ளிரவுக்கு மேல் மாட்டுக் கொட்டகையின் தகரம் கிளம்பியது. அது எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. தென்னைகளைப் பற்றி எழுதவில்லை, எழுதினால் எண்ண வேண்டியிருக்கும். சினைமாடு மட்டும் கயிற்றை அறுக்காமல், வாலைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றது. நான்காம் நாள் கிடாரிக் கன்று போட்டது. அம்மா கஜா என்று கூப்பிட ஆரம்பித்தார். "குடியைக் கெடுத்தவன் பேரா கிடைச்சுது?" என்று அப்பா சண்டைக்கு வந்தார். ஒரு புயலுக்கு வைத்த பெயரை இந்தக் கடலில் மறுபடி வைக்க மாட்டார்களாம். எங்கள் வீட்டில் தினம் இரண்டு வேளை கூப்பிடுகிறோம்.

வேளச்சேரி 2வது மாடி:
வர்தா, 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. பாகிஸ்தான் கொடுத்த பெயர், சிவப்பு ரோஜாவாம். "வர்தா வருதா?" என்று காலையில் வாட்ஸப்பில் ஜோக் அனுப்பிக்கொண்டிருந்தோம். மதியத்துக்கு மேல் காற்று சட்டென்று நின்றது. முடிந்துவிட்டது என்று தெருவே இறங்கி மரம் பார்க்கப் போனது. அது புயலின் கண் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அப்புறம் எதிர்த் திசையிலிருந்து அடித்தது பாருங்கள்! செல்லாத நோட்டு சமயம் வேறு. கையில் காசில்லை, நெட்வொர்க் இல்லாததால் கார்டும் இல்லை. பால்காரரிடம் கடன்.

ஆனால் எங்களை நிஜமாகவே மாடிக்கு ஏற்றிய 2015 டிசம்பர் மழைக்குப் பெயரே கிடையாது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தாண்டி நிலையாக வீசினால்தான் டெல்லி வானிலை மையம் பட்டியலிலிருந்து அடுத்த பெயரை எடுக்கும். எத்தனை சென்டிமீட்டர் கொட்டியது என்பதற்கு அங்கே மார்க் இல்லை. 2023இல் வந்ததற்குப் பெயர் இருந்தது, அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மிச்சாங்கா, மைச்சாங்கா, மிக்ஜாமா என்று ஆபீஸ் குரூப்பில் இரண்டு நாள் சண்டை. டிசம்பர் 4 காலை பார்க்கிங்கில் தண்ணீர் ஏறியது, சண்டை நின்றது.

குமரிக் கரை:
ஒக்கிக்கு 2017 நவம்பர் 30 காலையில்தான் பெயர் வந்தது. எங்கள் ஆட்கள் அதற்குப் பல நாள் முன்னமே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். பெயர் வைத்த சேதி கரையில் டிவி முன்னால் இருந்த எங்களுக்குக் கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வங்காளத்தில் கண் என்று அர்த்தமாம். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு எங்களிடமும் பெயர் உண்டு. இதற்கு மேல் எழுத வரவில்லை.

மட்டுநகர்:
எங்கட சூறாவளிக்குப் பெயரே இல்லை. 1978 நவம்பர் 23. வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தானே தொடங்கியது. அம்மம்மாவுக்கு அது வெறும் 'சூறாவளி', அவ்வளவுதான். "சின்னவன் சூறாவளிக்கு அடுத்த தையில பிறந்தவன்" என்றுதான் மாமாவின் வயசையே சொல்லுவா.

2013இல் இலங்கை கொடுத்திருந்த மகாசேன் என்ற பெயரில் ஒரு புயல் வந்தது. மின்னேரியாக் குளம் கட்டின அரசன்ட பெயரை அழிவுக்கு வைப்பதா என்று நாட்டுக்குள்ளேயே எதிர்ப்பு. பிறகு வியாரு என்று மாற்றினார்கள். 2025 நவம்பரில் எங்களைப் புரட்டிய டித்வா, ஏமன் கொடுத்த பெயர். சொகோத்ராத் தீவில் உள்ள ஒரு களப்பின் (காயலின்) பெயராம். எங்கேயோ இருக்கிற களப்பின் பெயரோடு மட்டக்களப்புப் பக்கம் வந்திருக்கிறது.

பண்ருட்டிக்காரன்:
எல்லாவற்றையும் படித்தேன். குமரிக்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இப்போதைய பட்டியல் 2020இல் வந்தது. 13 நாடு, ஆளுக்கு 13 பெயர், மொத்தம் 169. ஆங்கில எழுத்தில் எட்டைத் தாண்டக் கூடாது, யார் மனமும் புண்படக் கூடாது. நாடுகள் ஆங்கில அகரவரிசையில் நிற்பதால் முதல் பெயர் எப்போதும் வங்கதேசம், அடுத்தது இந்தியா. மூன்றாவது வரிசையில் வங்கதேசத்தின் அர்னாபுக்கு அடுத்து நம் பக்கத்துப் பெயர் ஒன்று நிற்கிறது: முரசு. நல்ல தமிழ். எந்த ஊரில் போய்க் கொட்டுமோ.

வேதாரண்யம் பக்கம்:
கஜா இப்போது சினையாக இருக்கிறது. அம்மாவிடம் முரசு பற்றி மூச்சுவிடப் போவதில்லை.