ஜப்பானிய "இரு", நம்ம "இரு" இல்லை: அரு, இரு குழப்பங்கள்

ஜப்பானிய மொழி படிக்க வர்ற தமிழர்கள் முதல் வாரமே குஷியாகிற சொல் "இரு". ஒலி, பொருள் ரெண்டுமே நம்மதுபோலத்தான். வம்பும் அங்கதான். நமக்கு ஆளும் இருக்காங்க, நாற்காலியும் இருக்கு. அவங்களுக்கு உயிரோட நடமாடுறதுக்கு இரு, மத்ததுக்கு அரு. உயர்திணை, அஃறிணைன்னு பிரிச்சா பாதிதான் சரியா வரும்: நாய், எறும்பு எல்லாம் அங்க மனுஷங்களோட சேர்ந்து "இரு". மரத்துக்கு உயிர் இருந்தும் "அரு". தொட்டியில நீந்துற மீன் இரு. கடையில ஐஸ் மேல கிடக்குற மீன் அரு.

---

பணத்துல இன்னும் மோசம். "ஒகனே கா இரு"ன்னா (இந்த "கா" காந்தியில வர்ற கா) பணம் இருக்குன்னு இல்லை, பணம் தேவைன்னு அர்த்தம். அது வேற வினை. மரியாதை வடிவத்துல ரெண்டும் பிரியும்: இமஸ் இருப்பதுக்கு, இரிமஸ் தேவைக்கு. 2020 ஜூலையிலிருந்து கடைகள்ல பிளாஸ்டிக் பைக்குக் காசு, அதனால கல்லாவுல "ஃபுகுரோ இரிமஸ் கா?"ன்னு (பை வேணுமா; கேள்வியில வர்ற இந்த "கா" காக்காவுல வர்ற கா) கேப்பாங்க. வேண்டாம்னா "இரிமஸென்". "ரி"யை விழுங்கி "இமஸென்"னு சொன்னா "ஆள் இல்லை"ன்னு ஆயிடும்.

---

"எனக்கு அண்ணன் ரெண்டு பேர் இருக்காங்க": வதஷி நி வா, அனி கா ஃபுதரி இமஸ். வரிசைகூட மாறலை. எண் (ஃபுதரி, ரெண்டு பேர்) "கா"வுக்குப் பிறகு, வினைக்கு முன்னாடி, உருபு ஒட்டாம நிக்கும். இங்க "மொத்தே இமஸ்" போடாதீங்க; அது கையில வச்சிருக்கறதுக்கும், கார், வீடு மாதிரி சொந்தமா உள்ளதுக்கும். அண்ணனைக் கையில பிடிச்சிட்டிருக்க முடியாதே.

---

இடத்துக்கு நம்ம "ல" ஒண்ணுதான்; அங்க ரெண்டு. பொருள் இருக்குற இடம்னா "நி": ட்சுகுஎ நோ உஎ நி ஹோன் கா அரிமஸ், மேஜை மேல புத்தகம். நிகழ்ச்சி நடக்குற இடம்னா "டே": கைகி வா நிகை டே அரிமஸ், மீட்டிங் ரெண்டாம் தளத்துல. தரைத்தளமே அங்க ஒண்ணாம் தளம். அதனால நிகைன்னா நம்ம கணக்குல முதல் மாடி. ஒரு மாடி கூட ஏறிட வேண்டாம்.

---

"இல்லை"யும் ஒண்ணு இல்லை. ஆசிரியர் அறையில இல்லைன்னா "சென்செய் வா இமஸென்". அவர் ஆசிரியரே இல்லைன்னா "சென்செய் ஜா அரிமஸென்". சாதாரணப் பேச்சுல இருவுக்கு எதிர்மறை "இனை", தேவைக்கு "இரனை". அருவுக்கு மட்டும் "அரனை" கிடையாது, வெறும் "நை".