பியூனிட்டிவ் டேமேஜஸ்: ‘இழப்பீடு’ வேண்டாமே

அன்புள்ள ஐயா,

பியூனிட்டிவ் டேமேஜஸுக்கு, அதாவது இழப்புக்கு ஈடான தொகைக்கு மேல், தப்புச் செய்தவரைத் தண்டிக்க நீதிமன்றம் கட்டச் சொல்லும் தொகைக்கு, நீங்கள் தந்த ‘தண்டனை இழப்பீடு’ என்ற சொல் கேட்டதுமே புரிகிறது. ஆனால் நான் இப்போது தமிழாக்கிக்கொண்டிருக்கும், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் புகையிலை வழக்கில் அது காலை வாரிவிடுகிறது.

மால்பரோ சிகரெட் பிடித்து நுரையீரல் புற்றுநோயில் இறந்தவரின் மனைவி, அதைத் தயாரித்த பிலிப் மாரிஸ் கம்பெனி மீது வழக்குப் போட்டார். 1999இல் ஜூரி இரண்டு தொகை சொன்னது. கணவரின் சாவுக்காகச் சுமார் 8.21 லட்சம் டாலர். கம்பெனி ஏமாற்றியதற்குத் தண்டனையாக 7.95 கோடி டாலர். முதல் தொகையோடு இழப்பு ஈடாகிவிட்டது. அப்புறம் இரண்டாவதையும் இழப்பீடு என்றால், யாருடைய இழப்புக்கு?

வழக்கே இந்தக் கேள்வியில்தான் சிக்கியது. ஓரிகனில் இவரைப் போல இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள் என வக்கீல் ஜூரியிடம் கேட்டிருந்தார். 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று பிரிந்து தீர்ப்பளித்தது: வழக்கில் இல்லாதவர்களுக்கு நேர்ந்த தீங்குக்காக இங்கே தண்டிக்கக் கூடாது, செயலின் கொடுமையை எடைபோட மட்டும் அதைப் பார்க்கலாம். மயிரிழை வேறுபாடுதான். ‘இழப்பீடு’ என்று எழுதினால், ஊரார் இழப்பையெல்லாம் சேர்த்து இந்த அம்மாவுக்கே கொடுப்பதாக வாசகர் நினைப்பார். அந்த இழை அறுந்துபோகும்.

‘அபராதம்’ என்று வைக்க எனக்கும் ஆசைதான். இந்த வழக்கு நடந்தபோது ஓரிகன் சட்டப்படி இத்தொகையில் 60 சதவீதம் மாநிலத்துக்குப் போனது. ஆனால் 1989இல் வேறொரு வழக்கில், தனியார் இருவருக்கு இடையிலான இத்தகைய தொகைக்கு அமெரிக்க அரசமைப்பின் மிகை அபராதத் தடை பொருந்தாது என்றாகிவிட்டது. அந்தத் தீர்ப்பை ‘அபராதம் அபராதம் அல்ல’ என்றா எழுதுவது? ‘தண்டம்’ நல்ல பழஞ்சொல். இன்று வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைதான் நினைவுக்கு வருவான்.

எனவே ‘ஒறுப்புத்தொகை’. ஒறுத்தல் என்றால் தண்டித்தல்; குறளிலேயே உள்ள சொல். நேற்று ஒருவர் ‘ஒறுப்பீடு’ எனச் சுருக்கினார். மதிப்பீடு, முதலீடு போல இடுதல் வழி வந்த ஈடு என்கிறார். இலக்கணம் சரி. பக்கத்திலேயே இழப்பீடு நிற்கும்போது காதில் அந்த ஈடுதானே விழும்?

இன்னொரு தலைவலி. 2007க்குப் பின் வழக்கு ஓரிகனுக்குத் திரும்பியது. கம்பெனி கோரிய ஜூரி அறிவுறுத்தல் மாநிலச் சட்டப்படி வேறு காரணத்தால் தவறு என்று சொல்லி, அந்த மாநில நீதிமன்றம் 2008இல் அதே தொகையை உறுதிசெய்தது. கெட்டிக்காரத்தனமா, பிடிவாதமா, தெரியவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரணைக்கு எடுத்து, எடுத்ததே சரியில்லை என 2009இல் கைவிட்டது. 2007இல் நடந்ததை ‘உச்ச நீதிமன்றம் உச்ச நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது’ என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். ஓரிகனுக்கும் ஓர் உச்ச நீதிமன்றம் உண்டு. மாநிலச் சட்டத்தில் அது சொல்வதே கடைசி. ஆகவே ‘மாநில’, ‘கூட்டாட்சி’ என அடைமொழி சேர்த்துவிட்டேன். ‘மத்திய’ என்றால் டில்லி வந்துவிடுகிறது.

ஒரு சோதனை வாக்கியம், ஐயா. 2003இல் யூட்டா மாநிலத்திலிருந்து வந்த வேறொரு வழக்கில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், இழப்பீட்டுக்கு இந்தத் தொகை எத்தனை மடங்கு என்ற விகிதம் ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவது அரிதாகவே செல்லும் என்றது. வழக்கு திரும்பி வந்ததும் யூட்டா நீதிமன்றம் கணக்காக ஒன்பதில் போய் நின்றது. ‘ஒறுப்புத்தொகை, இழப்பீட்டைப் போல் ஒன்பது மடங்கு.’ இதையே உங்கள் சொல்லை வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப்பாருங்களேன்.