புதுப்பிப்பு: ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் நீலத்திரை, அடுத்து டிஸ்க் செக் (தீர்ந்தது)

லேப்டாப் மூடியைத் திறந்ததும் நீலத்திரை (விண்டோஸ் முடங்கியதைக் காட்டும் பிழைத்திரை), அடுத்த பூட்டில் தானாகவே செக்டிஸ்க் (டிஸ்க்கில் பிழை தேடும் சோதனை) ஓடுகிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ரேம் சோதனையில் பிழை எதுவும் வரவில்லை. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றியும் பலனில்லை. கைகொடுத்தது, பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸின் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்'டை (வேலையில்லாதபோது உள் பாகங்களின் இணைப்பை மின்சேமிப்பு நிலைக்குக் கொண்டுபோகும் அமைப்பு) ஆஃப் செய்யச் சொன்னவரின் யோசனைதான். எஸ்எஸ்டி (லேப்டாப்பின் சேமிப்பு டிஸ்க்) தூக்கத்திலிருந்து திரும்பவே இல்லை; கும்பகர்ணன் கெட்டான்!

மினிடம்ப் ஃபோல்டர் (நீலத்திரை வரும்போது விண்டோஸ் பிழைக்குறிப்பை எழுதிவைக்கும் இடம்) ஏன் காலி என்று ஒருவர் கேட்டிருந்தாரே, அதற்கும் இதுவே விடை. டிஸ்க்கே காணாமல் போனால் விண்டோஸ் எங்கே போய் எழுதும்?

செக்டிஸ்க் அறிக்கையைத் தேடுபவர்களுக்கு: ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் கருவி) அப்ளிகேஷன் லாக், சோர்ஸ் வினினிட் (Wininit), ஈவென்ட் எண் 1001. எனக்கு பேட் செக்டர் (டிஸ்க்கில் பழுதான பகுதி) 0 கிலோபைட். ஆக டிஸ்க் கெடவில்லை. எழுதும்போதே அறுந்துபோனதால் டர்ட்டி பிட் (டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும் என்ற அடையாளக்குறி) விழுந்து, ஒவ்வொரு முறையும் சோதனை ஓடியிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: ஆஃப் செய்தபின் பேட்டரி சற்று வேகமாக இறங்கியது. பிறகு, பேக்கப் எடுத்துக்கொண்டு எஸ்எஸ்டி ஃபர்ம்வேரை (அதற்குள்ளேயே இருக்கும் இயக்க மென்பொருள்) புதுப்பித்தேன். இப்போது அந்த அமைப்பை மறுபடி ஆன் செய்தும் நீலத்திரை வரவில்லை.