[கலைச்சொல்] கேம்பர் ஏற்றிய பிக்கப்பில் ரேடியோவும் ஜி.பி.எஸ்.ஸும் அறுபடுவது: அலைநிழலா, வான்மறைப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

வாகன மின்னணுச் சொல்தொகுதியில் இரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் வண்டியின் தொட்டியில் கேம்பர் வீட்டைத் தூக்கி வைத்து ஓட்டுகிறார்கள். அந்த வீட்டின் படுக்கைப் பகுதி மட்டும் முன்னால் நீண்டு ஓட்டுநர் கேபினின் கூரைக்கு மேலே நிற்கும். ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் ரேடியோ இரண்டுக்குமான ஆன்டெனாவோ அதே கூரையில், சுறாத்துடுப்பு வடிவில் இருக்கிறது. கேம்பர் ஏறிவிட்டால் துடுப்புக்கும் மேலே வரும் அடிப்பலகைக்கும் நடுவில் சில அங்குலம்தான் மிச்சம். ரேடியோ வாயடைத்துப்போகிறது, நெடுஞ்சாலையில் போகும் வண்டியை வழிகாட்டி பக்கத்து வயலில் காட்டுகிறது.

முன்னால் நீளும் அந்தப் பகுதிக்கு ஒரு சொல், இந்தக் கோளாறுக்கு ஒரு சொல் வேண்டும். 'கேபின்மேல் நீட்சி', 'அலைநிழல்' என்று எழுதியிருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

> 'அலைநிழல்' என்று எழுதியிருக்கிறேன்.

ஐயா, நிழல் இங்கே ஒட்டாது. நிழல் என்றதும் வெளிச்சத்தைத் தடுக்கும் எதுவும் அலையையும் தடுக்கும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். வெறும் கண்ணாடியிழை ஓடு வெயிலைத் தடுக்கும், ஜி.பி.எஸ். அலையைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். உண்மையில் தடுப்பவை அலுமினியச் சட்டம், அலுமினியத் தோல், வெப்பத்துக்காக ஒட்டும் பளபளத் தாள், கூரைமேல் இருக்கும் சூரியத்தகடு. பள்ளிப் புத்தகத்தில் ஒளிபுகும் பொருள், ஒளிபுகாப் பொருள் என்று படித்தோமே, அந்த வழியிலேயே 'அலைபுகும்', 'அலைபுகா' என்று வைத்துக்கொள்ளலாம். கேம்பரின் எந்த அடுக்கு அலைபுகும், எது அலைபுகாது என்று பிரித்துச் சொல்ல இது உதவும்.

அடுத்தது, தடுக்கப்படுவது எல்லாத் திசையும் அல்ல. கணக்கைப் பாருங்கள். துடுப்புக்கு மேலே இடைவெளி 5 அங்குலம், நீட்சியின் பக்க விளிம்பு 48 அங்குலம் தள்ளி என்று வைப்போம். பக்கவாட்டில் அதிகபட்சம் 6 பாகை ஏற்றக்கோணம் வரைதான் தெரியும். முன்விளிம்பு 80 அங்குலம் தள்ளி இருந்தால் 4 பாகைகூட இல்லை. டென்வரில் நிற்கும் வண்டிக்கு மேற்கு நெடுங்கோடு 85, 115 பாகைகளில் இருக்கும் ரேடியோவின் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 40 பாகை உயரத்தில் இருக்கும். அந்த உயரமே முழுதாக மூடிவிட்டது. பழைய சிரியஸ் என்ற செயற்கைக்கோள் ரேடியோ நிறுவனம் (2008-இல் போட்டி நிறுவனமான எக்ஸ்.எம்.முடன் இணைந்தது) நீள்வட்டப் பாதையில் விட்ட மூன்று செயற்கைக்கோள்கள் இன்னும் உயரத்தில் நின்றவை. திறந்த கூரைக்கு அது வரம். கேம்பருக்குக் கீழே அதனால் பயனில்லை.

ஆனால் அடிவானம் திறந்தே இருக்கிறது. அதே துடுப்பிலுள்ள கைபேசி ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்வதற்கு இதுதான் காரணம். கோபுரம் பக்கவாட்டில் இருக்கிறது. செயற்கைக்கோள் ரேடியோவும் பெருநகருக்குள் பாடும், ஊரைத் தாண்டியதும் நின்றுவிடும். நகரத்தில் தரையிலிருந்து மறு ஒலிபரப்பும் நிலையங்கள் கைகொடுக்கின்றன. மறைந்தது வானம் மட்டும்தான். ஆகவே 'வான்மறைப்பு' என்பதே என் பரிந்துரை.

---

நண்பர்களுக்கு, பொருத்துகிறவர் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். சொல்லை முடிவு செய்ய இவை உதவும்.

முதலில் வான்மறைப்புத்தானா என்று உறுதி செய்ய வேண்டும். ரேடியோவின் சோதனைத் திரையில் கோள் வரத்து, தரைநிலைய வரத்து என்று இரண்டு அளவு தனித்தனியே காட்டும். கோள் சுழியமாகி, ஊருக்குள் தரைநிலையம் மட்டும் ஏறினால் வான்மறைப்பு. இரண்டுமே எங்கும் சுழியம் என்றால் கேபிளையோ இணைப்பையோ பாருங்கள். கேம்பரை இறக்கியபின்னும் அப்படியே இருந்தால் ஆன்டெனாவே போய்விட்டது.

ஜி.பி.எஸ். இப்படித் தெளிவாகக் காட்டிக்கொடுக்காது. திறந்த வானில் பொதுவாக ஏழெட்டுக் கோள்கள் கிடைக்கும், நான்கு இருந்தாலே இடத்தைக் கணித்துவிடும். கேம்பருக்குக் கீழே பானெட்டிலும் சாலையிலும் பட்டுத் திரும்பும் அலைகளைப் பிடித்துக்கொண்டு தவறான இடத்தைச் சொல்லும். சக்கர வேக உணரியை வைத்துக் கொஞ்ச நேரம் சமாளிக்கும், பிறகு விலகும். கைபேசியைக் கார்பிளேயில் (ஐபோனை வண்டித் திரையில் காட்டும் வசதி) இணைத்தால் சரியாகிவிடும் என்று நம்பவும் முடியாது. சில வண்டிகளில் கைபேசி தன் ஜி.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு வண்டியின் ஆன்டெனா சொல்வதையே எடுத்துக்கொள்ளும். இணைப்பை எடுத்துவிட்டுக் கைபேசியை டாஷ்போர்டில் தனியாக வைத்தால் புள்ளி சாலைக்குத் திரும்பும்.

தீர்வு, ஆன்டெனாவை நீட்சிக்கு வெளியே கொண்டுவருவதுதான். எளிய இடம் டாஷ்போர்டின் முன்விளிம்பு. ஆனால் வெப்பம் தடுக்க உலோகப்பூச்சு ஏற்றிய முன்கண்ணாடியாக இருந்தால் அது அலைபுகாது. அதற்கடுத்த இடம் பானெட்டின் முன்பகுதி, நீட்சியின் மூக்கு தாண்டிய இடம். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஃபோர்டு எஃப்-150 2015 மாடலிலிருந்தும் சூப்பர் டியூட்டி 2017 மாடலிலிருந்தும் அலுமினிய உடல். காந்த அடி கொண்ட ஆன்டெனா ஒட்டாது, கையை எடுத்ததும் வழுக்கி விழும். இருபக்கப் பசை நாடாவில் ஒரு மெல்லிய இரும்புத்தகட்டை ஒட்டி அதன்மேல் வையுங்கள். காந்தம் பிடிக்காவிட்டாலும் மின்வகையில் அலுமினியம் நல்ல அடித்தகடுதான் (ஆன்டெனாவின் கீழே வேண்டிய உலோகப்பரப்பு).

கேபிளை வெட்டாதீர்கள். அந்த மெல்லிய கேபிளில் 2.3 கிகாஹெர்ட்ஸ் அலை மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபல் இழக்கும். ஆன்டெனாவுக்குள் இருக்கும் மிகைப்பிதான் (ஆம்ப்ளிஃபையர்) அதை ஈடுகட்டுகிறது, அதற்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. நசுங்கினால் இரண்டும் போச்சு. கதவு ரப்பரைத் தாண்டி உள்ளே நுழையுமுன் தொட்டில்போல் ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேம்பர் கூரைமேலேயே வைப்பது மிக நல்ல வரவேற்பைத் தரும், தொல்லையும் அதிகம். கண்ணாடியிழைக் கூரையில் அடித்தகடு இல்லை, ஒரு சாண் அகல உலோகத்தகடு நாமே போட வேண்டும். கேம்பரை இறக்கும்போது இணைப்பைக் கழற்ற மறந்தால் கேபிள் பிய்ந்துவிடும். ஆகவே கேம்பரின் மின்கம்பி கழற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதன் இணைப்பையும் வையுங்கள். ஒன்றைக் கழற்றும் கை மற்றதையும் கழற்றும்.

தொழிற்சாலைக் கேபிளில் சேர்ப்பவர்கள் ஃபாக்ரா இணைப்பின் (வண்டி ஆன்டெனாக் கேபிள்களுக்கான நிறக்குறி கொண்ட இணைப்பு) நிறத்தைப் பாருங்கள். ஜி.பி.எஸ். நீலம். செயற்கைக்கோள் ரேடியோவுக்கு வைத்த நிறத்தின் பெயரே 'கறி', நம் வீட்டுக் கறிதான். சொல்தொகுதியில் 'கறிமஞ்சள்' என்று போடுங்கள்.

---

> 'கேபின்மேல் நீட்சி'

நம்மிடம் வீட்டுச் சொல் இருக்கிறதே! கூரை சுவரைத் தாண்டி நீளும் பகுதிக்கு இறவாணம் என்று பெயர். அரிவாளைச் செருகி வைப்போமே, குனிந்து நுழையாவிட்டால் நெற்றியில் இடிக்குமே, அதுதான். கேம்பரும் வீடுதான், கேபினுக்கு மேல் நீளுவது அதன் இறவாணம்தான். 'இறவாணக் கேம்பர்' என்றால் நாட்டுப்புறத்தாருக்கு விளக்கமே வேண்டாம்.

---

இறவாணத்தை மனமார ஏற்கிறேன். ஒன்றே ஒன்று: வீட்டு இறவாணத்தில் ஆள் படுப்பதில்லை, இதில் படுக்கை இருக்கிறது. வரையறையில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

வான்மறைப்பிலும் ஒரு சிக்கல் வரும். தாழ்வான கோள்களின் அலை அதிகக் காற்றைக் கடந்து வருவதால் ஜி.பி.எஸ். கருவிகள் குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே உள்ளவற்றைத் தாமே ஒதுக்கிவிடும். ஆங்கிலத்தில் இதையும் 'மாஸ்க்' என்பதால் யாராவது மறைப்பு என்று மொழிபெயர்ப்பார்கள். இது கருவி விரும்பிச் செய்வது, அது இறவாணம் செய்வது. இதற்கு 'ஏற்றக்கோண வரம்பு' என்று தனியாக வையுங்கள். பத்துப் பாகை வரம்பு வைத்த கருவி ஆறு பாகை மட்டும் தெரியும் இறவாணத்துக்குக் கீழே போனால் நேராக வரும் ஒரு கோளும் மிஞ்சாது என்று ஒரே வரியில் எழுத முடிகிறது.

---

வரைவு இதோ:

இறவாணம்: ஏற்றுவகைக் கேம்பரில் ஓட்டுநர் கேபினின் கூரைக்கு மேல் முன்னோக்கி நீளும், பெரும்பாலும் படுக்கை அமைந்த பகுதி.

வான்மறைப்பு: அலைபுகாப் பொருள் ஒன்று ஆன்டெனாவுக்கு மேலிருப்பதால், உயர்ந்த ஏற்றக்கோணத்தில் உள்ள செயற்கைக்கோள்களின் அலை நேராக வந்து சேராத நிலை. அடிவானத் திசை அலைகள் வரக்கூடும்.

அடித்தகடு: ஆன்டெனாவின் கீழே இருக்க வேண்டிய உலோகப்பரப்பு. 'தரைத்தளம்' என்று எழுதினால் லிஃப்டில் போட்டிருப்பதுதான் நினைவுக்கு வரும் என்பதால் தவிர்த்தேன்.

---

இரண்டாம் வரையறையில் 'மேலிருப்பதால்' என்பதை 'மேலே அகன்று இருப்பதால்' என்று மாற்றுங்கள். கூரைச் சட்டத்தின் ஒற்றைக் கம்பி மேலே இருந்தால் வான்மறைப்பு வராது. ஜி.பி.எஸ். அலையின் நீளமே 19 சென்டிமீட்டர். அதைவிட மிக ஒல்லியான கம்பியைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.