கதவைப் பாதி திறந்தால் மட்டும் சென்ட்ரல் லாக் வேலை செய்கிறது: கிட்டையே மாற்றவா, வயரைத் தேடவா?

மதுரை_ஹேட்ச்பேக்:
வணக்கம். என்னுடையது 2006 மாடல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சென்ட்ரல் லாக் முந்தைய ஓனர் வெளியில் போட்ட கிட். ஒரு மாதமாகத் தகராறு. டிரைவர் கதவில் சாவியைத் திருப்பினால் மற்ற மூன்று கதவும் சில நேரம் பூட்டுகின்றன, சில நேரம் அசைவதே இல்லை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு லாக் நாபை அழுத்தினால் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. பின்னால் இடது கதவு வேறு மாதிரி, கிர்ர் என்று சத்தம் வந்து நாப் பாதியில் நின்றுவிடுகிறது. போன வாரம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாப் பூட்டும் தானாகத் திறந்துகொண்டன. அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எலக்ட்ரீஷியன் ஒருவர் நாலு கதவு மோட்டாரும் மாட்யூலும் (பூட்டுகளை இயக்கும் கண்ட்ரோல் பெட்டி) சேர்த்து மாற்ற 4,500 கேட்கிறார். மாற்றிவிடவா?

ஈரோடு_டீசல்:
மாற்றிவிடுங்கள். இத்தனை வருடம் ஓடிய மோட்டார், உள்ளே கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், பல் சக்கரம் பிளாஸ்டிக். நான் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று ஆரம்பித்து இரண்டு வருடத்தில் நாலு தடவை கூலி கொடுத்தேன். ஒவ்வொரு முறை டோர் பேடை (கதவின் உள்பக்க அட்டை) கழற்றும்போதும் கிளிப் உடையும், அப்புறம் கதவு கடகடவென்று ஆடும். குழந்தை உட்காரும் வண்டி, யோசிக்காதீர்கள்.

வயரிங்_65:
தம்பி, பணம் கொடுக்கும் முன் நீ எழுதியதையே ஒரு தடவை திரும்பப் படி. கதவைப் பாதி திறந்தால் வேலை செய்கிறது, மூடினால் இல்லை. மோட்டார் கெட்டிருந்தால் அதற்குக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கதவு அசையும்போது அசைவது வயர்தான். டிரைவர் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் கீல் பக்கம் வயர் போகும் ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அதைப் பிதுக்கிப் பார். நாலு கதவில் அதிகம் திறந்து மூடுவது டிரைவர் கதவு, அங்கேதான் வயர் முதலில் அறும். பல நேரம் மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும், அதனால் கண்ணால் பார்த்தால் போதாது, ஒவ்வொரு வயராக மெல்ல இழுத்துப் பார், அறுந்த இடம் ரப்பர் மாதிரி நீளும்.

வெளியில் போடும் கிட்டில் டிரைவர் கதவு ஆக்சுவேட்டருக்கு (பூட்டை இழுக்கும் மோட்டார் யூனிட்) ஐந்து வயர், மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு. அந்த ஐந்தில் இரண்டு மோட்டாருக்கு. மிச்சம் மூன்றும் மாட்யூலுக்குத் தகவல் சொல்பவை: பெரும்பாலும் கருப்பு எர்த், வெள்ளை, பழுப்பு இரண்டில் ஒன்று பூட்ட, ஒன்று திறக்க, எது எதற்கு என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். உறை கிழிந்து திறக்கும் வயர் எர்த்தில் உரசினால் மாட்யூல் அதை உன் உத்தரவு என்றே எடுத்துக்கொண்டு எல்லாக் கதவையும் திறந்துவிடும். ஓடும் வண்டியில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அறுந்த வயரை அப்படியே விட்டுப் புது கிட் போட்டால், புது கிட்டும் அதே வேலையைச் செய்யும்.

ஈரோடு_டீசல்:
அண்ணா, புது கிட்டோடு புது வயரும் வரும், பழைய வயரிலேயே யார் இணைப்பார்கள்? அதோடு, என் வண்டியில் நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். கதவுக்குள் 12 வோல்ட் சரியாக வந்தது, மோட்டார் மட்டும் ஓடவில்லை. வயர் நன்றாக இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வயரிங்_65:
வயரும் சேர்ந்து வரும், சரி. ஆனால் அவசரத்தில் ரப்பர் குழாய்க்குள் வயர் நுழைக்கச் சோம்பல்பட்டு, பழைய முனையிலேயே முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்த வண்டிகளை நான் நிறையப் பிரித்திருக்கிறேன்.

மீட்டர் விஷயத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுக்காது. இருபது இழையில் ஒரே ஒரு இழை அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். மோட்டார் சில ஆம்பியர் கேட்கும்போது அந்த ஒற்றை இழையால் கொடுக்க முடியாது, வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்பை மோட்டார் கனெக்டரில் கொடு, அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். மாட்யூல் அரை வினாடி, ஒரு வினாடிதான் கரண்ட் விடும், அதனால் ஒருவர் நாபை அழுத்த ஒருவர் பல்பைப் பார்க்க வேண்டும். பளிச்சென்று மின்னினால் வயர் நல்லது. மங்கினால் வயர்தான். இதைச் செய்யாமல் மோட்டாரைக் குறை சொல்லாதே.

கடலூர்_கார்:
இடையில் ஒன்று. கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை மண் அடைத்திருக்கிறதா பாருங்கள். டோர் பேடுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஷீட்டைப் பழுது பார்ப்பவர்கள் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள், மழைத் தண்ணீர் நேராக உள்ளே தெறிக்கும், கனெக்டர் பச்சை பிடித்துவிடும்.

மதுரை_ஹேட்ச்பேக்:
ஞாயிற்றுக்கிழமை பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு அந்த ரப்பர் குழாயை இறக்கினேன். பழுப்பு வயர் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. வெள்ளையில் உறை கிழிந்து மூன்று நாலு இழைதான் மிச்சம், பக்கத்தில் கருப்பும் உரிந்திருந்தது. மூன்றுக்கும் புது வயர் போட்டதும் டிரைவர் கதவு, முன் இடது, பின் வலது மூன்றும் ஒரே சத்தத்தில் பூட்டுகின்றன. பின் இடது மட்டும் அப்படியே. அதன் கனெக்டரில் பல்பு பளிச்சென்று மின்னுகிறது.

ஈரோடு_டீசல்:
சந்தோஷம். வயர் விஷயத்தில் அண்ணா சொன்னதுதான் சரி. ஆனால் பின் கதவுக்கு நான் சொன்னதே மருந்து. பல்பு எரிகிறது, மோட்டார் ஓடவில்லை, இனி என்ன யோசனை?

வயரிங்_65:
இன்னும் ஒன்று பாக்கி. மோட்டாரையும் பூட்டையும் இணைக்கும் கம்பியை (ராட்) கழற்றிவிட்டு மோட்டாரைத் தனியாக ஓட விடு. முழுசாகப் போய் வந்தால் லாட்ச்தான் (கதவைப் பிடிக்கும் கொக்கி) கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கிறது, சுத்தம் செய்து புது கிரீஸ் வைத்தால் போதும். தனியாக விட்டும் திணறினால் மோட்டார். ஆனால் தொடர்ந்து பத்துத் தடவை அழுத்திச் சோதிக்காதே, சில மோட்டாருக்குள் சூடானால் கரண்ட்டைக் குறைக்கும் பாகம் இருக்கும், நல்ல மோட்டாரும் நின்றுவிடும். நடுவில் ஐந்து நிமிடம் விடு.

மதுரை_ஹேட்ச்பேக்:
ராடைக் கழற்றியும் பாதியில் நிற்கிறது, ஐந்து நிமிடம் விட்டும் அதேதான். ஈரோடு அண்ணா சொன்னது போல மோட்டார்தான். இரண்டு வயர் ஆக்சுவேட்டர் ஒன்று மட்டும் வாங்கிப் போட்டேன். பழையதைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு பிரஷ் முழுக்கத் தேய்ந்து உள்ளே கரித்தூளாக இருந்தது. நாலு நாளாக வண்டி ஓடுகிறது, பூட்டு ஒரு தடவைகூடத் தானாகத் திறக்கவில்லை.

வயரிங்_65:
ஜாயிண்ட் எங்கே போட்டாய்? ரப்பர் குழாய்க்குள் ஈயம் வைத்திருந்தால் அந்த இடம் விறைத்துப் பக்கத்திலேயே திரும்ப அறும்.

மதுரை_ஹேட்ச்பேக்:
ரப்பர் குழாய்க்குள் ஜாயிண்டே இல்லை அண்ணா. ஒரு முனை டேஷ்போர்டுக்குக் கீழே, இன்னொரு முனை கதவுக்குள், இரண்டிலும் ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை). மதுரை வெயிலில் டேப் பசை உருகிவிடும் என்று அதைச் சுற்றவே இல்லை.