பெர்கமோனின் அட்டாலிட் வம்சம்: கோட்டைக் காவலரின் குடும்பம் அரசகுடியானது எப்படி?

கேள்வி:
எகிப்தை ஆண்ட தாலமிகளும் சிரியாவை மையமாகக் கொண்டு ஆண்ட செலூக்கியர்களும் அலெக்சாந்தரின் தளபதிகள் வழிவந்தவர்கள். இன்றைய துருக்கியின் பெர்காமாவில் இருந்த பெர்கமோனை ஆண்ட அட்டாலிட் வம்சத்தாருக்கு அத்தகைய பின்புலம் கிடையாது. அப்படியிருந்தும் அவர்கள் ஏறத்தாழ 150 ஆண்டுகள் நிலைத்தது எப்படி? கடைசி அரசர் நாட்டையே ரோமுக்கு எழுதிவைத்தது ஏன்?

மறுமொழி 1:
தொடக்கம் பணம்தான். அலெக்சாந்தரின் தளபதியாக இருந்து பின்னர் அரசரான லைசிமாகஸ் 9000 தாலந்து (தாலந்து என்பது பண்டைய எடை அளவு) செல்வத்தைப் பெர்கமோன் மலைக்கோட்டையில் வைத்து, அதன் காவலைப் பிலெட்டேரஸ் என்ற அதிகாரியிடம் ஒப்படைத்திருந்தார். அந்த மன்னர் தம் சொந்த மகன் அகாதோக்ளிஸையே கொல்வித்ததைக் கண்ட பிலெட்டேரஸ், கி.மு. 282 அளவில் கோட்டையோடும் கருவூலத்தோடும் செலூக்கிய வம்சத்தை நிறுவிய செலூக்கஸ் பக்கம் சேர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டு லைசிமாகஸ் போர்க்களத்தில் மடிந்தார். செலூக்கசும் சில மாதங்களில் கொலையுண்டார். அப்போது பிலெட்டேரஸ் செய்த காரியம் வியப்புக்குரியது. செலூக்கசின் உடலைக் கொலையாளியிடமிருந்து பெருந்தொகை கொடுத்து மீட்டு, முறைப்படி எரியூட்டி, சாம்பலை மகன் அந்தியோக்கசுக்கு அனுப்பிவைத்தார். பிற்பாடு நாணயங்களிலும் செலூக்கசின் முகத்தையே பொறித்தார். பெயரளவில் அடங்கியிருந்துகொண்டே நடைமுறையில் தன்னாட்சி நடத்திய இந்தப் பொறுமையைத்தான் வம்சத்தின் அடித்தளமாக நான் கருதுகிறேன். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆட்சி தம்பி மகன் முதலாம் யூமெனெசுக்குப் போயிற்று.

மறுமொழி 2:
பணம் மட்டுமே காரணம் என்றால் அடுத்தடுத்த தலைமுறைகளில் அது கரைந்திருக்கும். சிறிய ஆசியாவில் குடியேறியிருந்த கெல்ட் இனத்தவரான கலாத்தியரை முறியடித்த முதலாம் அட்டாலஸ்தான் அரசர் என்ற பட்டத்தை முதலில் சூடியவர். அவருடைய மகன் இரண்டாம் யூமெனெசின் காலத்தில், ரோமின் நட்பாலும் ரோமுக்கும் செலூக்கிய அரசருக்கும் இடையே கி.மு. 188இல் ஏற்பட்ட அபாமேயா உடன்படிக்கையாலும் நாடு பன்மடங்கு விரிந்தது. இப்போது பெர்லினில் உள்ள மாபெரும் பலிபீடமும் புகழ்பெற்ற நூலகமும் அவர் ஆட்சிக்கு உரியவை. எனினும் நான் முதலிடம் தருவது குடும்ப ஒற்றுமைக்குத்தான். யூமெனெஸ் கிரேக்கத்தின் டெல்பிக்கு அருகே தாக்கப்பட்டு இறந்துவிட்டதாகச் செய்தி பரவியபோது அரசுப் பொறுப்பை ஏற்ற தம்பி அட்டாலஸ் (பின்னாளில் இரண்டாம் அட்டாலஸ்), அண்ணன் உயிரோடு திரும்பியதும் முடியை மறுபேச்சின்றி ஒப்படைத்தார். பின்னர் ரோமில் சிலர் அவரைத் தனியே அழைத்து அரசாசை காட்டியபோதும் அவர் மசியவில்லை. உடன்பிறந்தார் ஒருவரையொருவர் கொன்று முடிசூடிய அந்தக் காலத்தில் இது மிக அரிது.

மறுமொழி 3:
உயிலைப் பற்றி: கி.மு. 133இல் கடைசி அரசரான மூன்றாம் அட்டாலஸ் வாரிசின்றி இறந்தார். நாட்டை ரோமுக்கு எழுதிவைத்த அவருடைய உயிலுக்கு முன்னுதாரணம் உண்டு. தமக்கு வாரிசில்லாமல் போனால், இன்றைய லிபியாவில் இருந்த தம் நாடான சைரீன் ரோமுக்குச் சேரும் என்று எட்டாம் தாலமி கி.மு. 155இல் கல்வெட்டாகவே அறிவித்திருந்தார். தம்மைக் கொன்று பயனில்லை என்று எதிரிகளுக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். அட்டாலசும் இளம் வயதில் இறப்போம் என்று எண்ணாமல், அதேபோன்ற தற்காப்பாகத்தான் உயிலை எழுதியிருப்பார் என்பது என் கருத்து. இரண்டாம் யூமெனெசின் மகன் என்று உரிமை கோரிய அரிஸ்டோனிக்கஸ் உடனே கிளர்ந்தெழுந்ததும் இதற்குப் பொருந்துகிறது. அவரை அடக்க ரோமுக்குக் கி.மு. 129 வரை ஆயிற்று. அதன்பின் அந்த நிலம் ஆசியா மாகாணமாயிற்று.